இந்த மாசமும் உப்பு இல்லை

ஓய்வு பெற்ற செவிலியர்களிடம் அனுபவக் கட்டுரை கேட்டால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். கொட்டுகிற மழையில் பார்த்த பிரசவம், இடுப்பளவு தண்ணீரில் தூக்கிப் போன தடுப்பூசிப் பெட்டி, மேடையில் வாங்கிய சான்றிதழ். என்னிடமும் ஒரு சான்றிதழ் உண்டு. சுவரில் மாட்டியிருக்கிறேன், கண்ணாடிக்குள் பூச்சி புகுந்துவிட்டது. ஆனால் இப்போது வேலையில் இருக்கும் பெண்கள் என்னிடம் கேட்டது வேறு. "பிரஷர்காரங்களுக்குச் சாப்பாட்டப் பத்தி எப்படிச் சொல்றதுன்னு எழுதித் தாங்கக்கா, நாங்க சொன்னா யாரும் கேக்க மாட்டேங்குறாங்க" என்றார்கள். எப்படிச் சொல்வது என்று எனக்கும் தெரியாது. எப்படிச் சொல்லக் கூடாது என்று ஒன்று தெரியும். அதை எழுதித் தருகிறேன்.

நான் கிராம சுகாதார செவிலியர். ஊராருக்கு நர்சம்மா. சொந்த ஊர் கமுதிக்குப் பக்கம், மிளகாய்க் காடு. மதுரையில் பதினெட்டு மாதப் பயிற்சி. அதில் நினைவிருப்பது விடுதிச் சாம்பாரும், ஊசி போட்டுப் பழகிய எலுமிச்சம்பழங்களும்தான். முடித்ததும் பாம்பன் பாலத்துக்கு இக்கரையில் ஒரு கடலோரக் கிராமத்துத் துணை சுகாதார நிலையத்தில் போட்டார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் காய்கிற கருவாட்டின் வாடை முகத்தில் அடித்தது. கடல் வாடையே இல்லாத நயினார்கோவில் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடிவிட வேண்டும் என்று இரண்டு வருஷம் மனு எழுதினேன். மூன்றாம் வருஷம் எழுத மறந்துவிட்டேன். முப்பத்தோரு வருஷம் அந்தக் கரையிலேயே போய்விட்டது.

அப்போதெல்லாம் என் வேலையில் முக்கால்வாசி கர்ப்பிணிகள். எடை பார்க்க வேண்டும், ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், சிறுநீரில் புரதம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். சோதனைக் குழாயில் முக்கால் பங்கு சிறுநீர் எடுத்து, அடியை இடுக்கியால் பிடித்துச் சாய்த்து, மேல் பாகத்தை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் காட்டுவோம். கொதிக்கும்போது மேலே வெள்ளையாகத் திரளும். உடனே முடிவு சொல்லக் கூடாது. அசிட்டிக் அமிலம் நாலைந்து சொட்டு விட வேண்டும். கலங்கல் தெளிந்துவிட்டால் பயமில்லை. தெளியாமல் நின்றால் புரதம் இருக்கிறது, தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து வரப்போகிறது என்று அர்த்தம்.

அந்தப் புரதத்துக்கு எங்கள் துறையில் வழங்குகிற பேர் உப்பு. யார் வைத்த பேரோ தெரியாது. குழாயில் வெள்ளையாகத் திரள்வதைப் பார்த்து யாரோ சொல்லியிருப்பார்கள், அப்படியே நிலைத்துவிட்டது. சோற்றில் போடுகிற உப்புக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் முதல் ஆயா வரை "யூரின்ல உப்பு இருக்கா, சர்க்கரை இருக்கா" என்றுதான் கேட்பார்கள். பயிற்சியில் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். "உப்பு இல்ல, சர்க்கரை இல்ல, போய்ட்டு வா தாயி" என்று சொல்லி அனுப்பினால், வயிற்றுப் பிள்ளைக்காரி சிரித்த முகத்தோடு போவாள்.

நான் அதில் கெட்டிக்காரி என்று பேர் எடுத்தேன். வேலைக்குச் சேர்ந்த ஆறாம் வருஷம், தலைப்பிள்ளைக்காரி ஒருத்தி வந்தாள். ஏழு மாதம். புருஷன் துபாயில். பிள்ளைக்கு நோவு ஒன்றுமில்லை, சும்மா கணக்குக்குக் காட்ட வந்தோம் என்றார் அவளுடைய உம்மா. குழாயை விளக்கில் காட்டினேன், மேல் பாகம் தயிர் மாதிரி திரண்டது. அமிலம் விட்டும் தெளியவில்லை. அந்த அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வருகிறோம் என்று எவ்வளவோ சொன்னார். விடவில்லை, கட்டிய சேலையோடு ராமநாதபுரத்துக்குக் கூட்டிப் போனேன். தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. அன்றிலிருந்து நான் உப்பு பார்க்கிற நர்சம்மா ஆனேன். நோன்பு மாதத்தில் அந்த வீட்டிலிருந்து கஞ்சி வராத வருஷம் கிடையாது. இந்தப் பேர் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

என் ஐம்பத்தைந்தாவது வயதுக்குக் கிட்டத்தில் வேலையே மாறியது. கர்ப்பிணிகள் போக, முப்பது வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் பிரஷர், சர்க்கரை பாருங்கள், மாதாமாதம் மாத்திரை கொடுங்கள் என்று உத்தரவு வந்தது. வேலை இரட்டிப்பானது. அதோடு புதிய டாக்டர் ஒருவரும் வந்தார். பேர் சரவணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவர்தான் தலைவர், மாதத்தில் ஒரு நாள் வண்டியில் எங்கள் துணை நிலையத்துக்கும் வருவார். வயது முப்பதைத் தொடவில்லை. என் மூத்த மகனைவிடச் சின்னவர். அவரை சார் என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை, கூப்பிட்டேன்.

அவர் செய்கிற காரியம் ஒவ்வொன்றும் எனக்கு எரிச்சலாக இருந்தது. வந்தவரை ஐந்து நிமிஷம் உட்கார வைக்காமல் பிரஷர் பார்க்க விட மாட்டார். சாய்ந்து உட்கார வேண்டும், கால் தரையில் படிய வேண்டும், கை நெஞ்சு உயரத்துக்கு மேஜை மேல் இருக்க வேண்டும். பட்டையைச் சட்டைக்கு மேல் சுற்றினால் தானே வந்து அவிழ்த்துவிடுவார். பார்க்கும்போது யாரும் பேசக் கூடாது. நான் பேசாமல் இருந்ததே கிடையாது. "சிஸ்டர், உங்க பேச்சுக்கே பத்து ஏறும்" என்பார், சிரிக்காமல். கோபமும் படமாட்டார். கோபப்பட்டால் திருப்பிக் கோபப்படலாம். அதற்கும் வழி இல்லை.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். அவருடைய சாப்பாட்டு விசாரணையைத்தான் தாங்க முடியவில்லை. உப்புக் குறைவாகச் சாப்பிடுகிறீர்களா என்று அவர் கேட்கவே மாட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "விடிஞ்சதுல இருந்து என்ன சாப்பிட்டீங்க, சொல்லுங்க" என்பார். கஞ்சி என்றால், என்ன கஞ்சி, தொட்டுக்கொள்ள என்ன, அதை யார் செய்தது, எத்தனை துண்டு என்று போகும். ஒரு ஆளுக்குக் கால் மணி நேரம். வெளியே நாற்பது பேர் வெயிலில் நிற்பார்கள்.

அந்த விசாரணையில் ஒரு நாள் ஒரு சம்மாட்டி மாட்டினார். இரண்டு படகுக்குச் சொந்தக்காரர், பெரிய மீசை. வீட்டில் குழம்பில் உப்பே போடுவதில்லை என்று என்னிடம் சத்தியம் பண்ணியிருந்தார். அட்டையில் நானும் அப்படியே எழுதியிருந்தேன். பிரஷர் மட்டும் இறங்கவில்லை. டாக்டர் விடிந்ததிலிருந்து விசாரித்துக்கொண்டே போனார். மத்தியானச் சாப்பாட்டில் பிடிபட்டது. குழம்பில் உப்பு இல்லாததால் சோறு இறங்கவில்லையாம், அதனால் ஒவ்வொரு வேளையும் நாலு துண்டு கருவாடு, இரண்டு அப்பளம், கொஞ்சம் ஊறுகாய். "கருவாட்டுல உப்பு இல்லையாய்யா?" என்று கேட்டேன். "அது கருவாடுல்ல நர்சம்மா" என்றார், எனக்குப் புத்தி மட்டு என்பது போல. டாக்டர் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தார். கருவாட்டையும் அப்பளத்தையும் குறைத்து, குழம்பில் கொஞ்சம் உப்புப் போட்டுக்கொள்ளச் சொன்னார். இரண்டு மாதத்தில் மீசைக்காரரின் பிரஷர் இறங்கியது. நானும் சிரித்தேனே தவிர, கற்றுக்கொள்ளவில்லை. டாக்டர் இல்லாத நாட்களில் பழையபடி "உப்பக் கொறச்சுத்தான சாப்பிடுற?" என்று ஒரே கேள்வியில் ஆளை அனுப்பினேன்.

இந்தச் சமயத்தில்தான் நம்புத்தாய் வந்தாள். நாற்பத்தாறு வயது. பாசி எடுக்கிறவள். எங்கள் கரையில் பெண்கள் கூட்டமாகப் போய்க் கடலில் முங்கிப் பாறையில் வளர்கிற பாசியைப் பறித்து வருவார்கள். கண்ணில் கண்ணாடி, விரலுக்கெல்லாம் துணிச் சுற்று, சேலைக்கு மேலே புருஷன் சட்டை. மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் வருகிற வேலை, உப்புத் தண்ணீரிலும் வெயிலிலும் ஆறேழு மணி நேரம். முங்குவதில் நம்புத்தாய் பெயர் பெற்றவள். அவள் மகள் முனீஸ்வரி அப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம். புருஷன் முருகேசன் சம்மாட்டி ஒருவரின் படகில் போகிறவர். அவர் சம்பாத்தியம் சாப்பாட்டுக்கு, நம்புத்தாய் சம்பாத்தியம் மகள் படிப்புக்கு என்று வீட்டில் ஒரு ஏற்பாடு. அவள் முங்குவது நின்றால் அந்தப் பெண்ணின் படிப்பு நின்றுவிடும் என்பது ஊருக்கே தெரியும்.

முதல் தடவை பார்க்கும்போது நூற்று எழுபது, நூறு. டாக்டர் இருந்த நாள் அது. காலையில் ஒரு மாத்திரை எழுதினார், உப்பைக் குறைக்கச் சொன்னார். அவளிடமும் கால் மணி நேரம் பேசினார். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள், ஒரு நல்ல மாணவி மாதிரி. அடுத்த மாதம் வந்தாள். நூற்று நாற்பத்திரண்டு, தொண்ணூறு. எனக்குச் சந்தோஷம். பிரஷர்காரர்களுக்குச் சிறுநீரும் பார்க்க வேண்டும் என்பதால் அன்றைக்கு அதையும் பார்த்தேன். இப்போது ஸ்பிரிட் விளக்கெல்லாம் இல்லை, காகிதக் குச்சியை முக்கினால் நிறம் காட்டும். நிறம் மாறவில்லை. இருபத்தெட்டு வருஷமாகச் சொன்னதையே சொன்னேன். "உப்பு இல்லத்தா. சர்க்கரையும் இல்ல."

"இல்லையா?" என்றாள்.

"சுத்தமா இல்ல" என்றேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டேன்.

அவள் என்ன புரிந்துகொண்டாள் என்று இப்போது எனக்குத் தெரியும். ஒரு மாதம் உப்பைக் குறைத்தாள். மாதம் முடிந்து நர்சம்மா சோதித்துப் பார்த்து, உடம்பில் உப்பே இல்லை என்று சொன்னாள். தண்ணீரில் வேலை செய்யும்போது அவளுக்கு அந்த மாதம் லேசாகக் கிறுகிறுப்பு வந்திருக்கிறது. கூட முங்குகிற பெண்கள் "ஒடம்புல உப்பு கொறஞ்சிருச்சுடி" என்றிருக்கிறார்கள். இப்போது நர்சம்மாவும் அதையே சொல்லிவிட்டாள். வீட்டுக்குப் போய்க் கஞ்சியில் உப்பைக் கூட்டிப் போட்டாள்.

அடுத்த மாதம் பிரஷர் ஏறியிருந்தது. "உப்பக் கொறச்சுத்தான சாப்பிடுற?" என்றேன். "நீங்க சொன்னபடிதேன் நர்சம்மா" என்றாள். அது பொய்யில்லை. அவளைப் பொறுத்தவரை நான் சொன்னபடிதான் சாப்பிட்டாள். பிரஷர் ஏறிய கவலையில் இருக்கிறாளே என்று, ஆறுதலுக்காகச் சிறுநீர் முடிவைச் சத்தமாகவே சொன்னேன். உப்பு இல்லை, சர்க்கரை இல்லை.

"இந்த மாசமும் இல்லையா நர்சம்மா?" என்று கேட்டாள்.

அந்தக் குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. எவ்வளவோ பாடுபட்டும் பலன் இல்லையே என்று கேட்கிற குரல். எனக்கு அது சந்தோஷத்தில் கேட்பது போலப் பட்டது. "இல்லவே இல்ல, போத்தா" என்று சிரித்தேன். ஏன் அப்படிக் கேட்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். நான் கேட்கவில்லை, நாற்பது பேர் நின்றார்கள்.

அதற்கு அடுத்த மாதம் இன்னும் ஏறியது. டாக்டர் அன்று வரவில்லை, பயிற்சிக்குப் போயிருந்தார். போனில் சொன்னேன். "என்ன சாப்பிடுறாங்கன்னு விசாரிச்சீங்களா சிஸ்டர்?" என்றார். "விசாரிச்சேன் சார், உப்பெல்லாம் கொறச்சுத்தான் சாப்பிடுது" என்றேன். அவருடைய விசாரணையும் என்னுடைய விசாரணையும் ஒன்றில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். அவர் அதே மாத்திரையைக் காலை ஒன்று, இரவு ஒன்று கொடுக்கச் சொன்னார். கூடவே, மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா என்றும் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

எனக்கு அதுவே போதுமாக இருந்தது. காரணம் உப்பு இல்லை என்றால், மாத்திரைதான் போடவில்லை. வேறு என்ன காரணம் இருக்க முடியும்? ஊரில் பாதிப் பேர் மாத்திரையை வாங்கிக் கூரையில் செருகுகிறவர்கள்தானே. அதற்கு அடுத்த மாதம் நம்புத்தாய்க்கு நூற்று எழுபத்தெட்டு, நூற்று நாலு என்று காட்டியதும் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. வரிசையில் இருபது பேராவது நின்றார்கள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டேன். "மாத்திரையத் திங்கிறியா, கடல்ல போடுறியா?"

"ரெண்டு வேளையும் போடுறேன் நர்சம்மா. சத்தியமா."

"சத்தியம் பண்ணாத. மிசின் பொய் சொல்லுமா? அடுத்த மாசம் காலி அட்டையெல்லாம் எடுத்துக்கிட்டு வா. எண்ணிப் பாத்துட்டுத்தான் மாத்திரை. ஒண்ணு கொறஞ்சாலும் தரமாட்டேன்."

வரிசையில் சிலர் சிரித்தார்கள். நானும் அந்தச் சிரிப்பை ரசித்தேன், மறைக்க மாட்டேன். அவள் மாத்திரை அட்டைகளை முந்தானையில் முடிந்துகொண்டு தலையைக் குனிந்தபடி போனாள். எங்கள் கரையில் காவல் தெய்வத்தின் பேரைச் சேர்த்து நம்பு என்று தொடங்கும் பேர்கள் நிறைய. பேரிலேயே நம்பு என்று வைத்திருந்தவளை நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து இதை நினைத்து வருத்தப்பட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. வருத்தப்படவில்லை. நன்றாகச் சாப்பிட்டேன்.

பத்தொன்பதாம் நாள் காலையில் பாசிக்குப் போனவளை, கடலில் இறங்கிய சற்று நேரத்திலேயே மற்றப் பெண்கள் தூக்கிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். வாய் கோணியிருந்தது, வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ராமநாதபுரத்தில் சேர்த்தார்கள். மறுநாள் டாக்டர் பார்க்கப் போனபோது நானும் உடன் போனேன். நம்புத்தாய் கண்ணை மூடிக் கிடந்தாள். வெளியே பெஞ்சில் முனீஸ்வரி உட்கார்ந்திருந்தாள். டாக்டர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தன் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "அம்மா விடிஞ்சதுல இருந்து என்ன சாப்பிடுவாங்க, சொல்லும்மா."

"காலையில கஞ்சி சார். அம்மாவுக்கு மட்டும் தனியா உப்புப் போட்டுக் கரைப்போம்."

"எதுக்குத் தனியா?"

"அம்மா ஒடம்புல உப்பே இல்லைன்னு நர்சம்மா டெஸ்ட்டு பாத்துச் சொன்னாகள்ல. மொத மாசம் கொறச்சுச் சாப்பிட்டதுல மொத்தமும் போயிருச்சு. அப்பறம் மாசாமாசம் கூட்டிக்கிட்டுத்தேன் வந்தோம். கருவாடும் ரெண்டு வேளை. அம்மாவுக்கு வாந்தி வரும், இருந்தாலும் திங்கும். ஏறவே மாட்டேனுருச்சு." அவள் என்னைப் பார்த்தாள், குற்றம் சொல்கிற பார்வை இல்லை. பிறகு டாக்டரிடம் கேட்டாள். "இங்கன டெஸ்ட்டு பாத்தீகளா சார்? இப்பவாச்சும் உப்பு ஏறியிருக்கா?"

டாக்டர் என் பக்கம் திரும்பவில்லை. "ஏறியிருக்கும்மா" என்றார். "இனிமே கூட்ட வேண்டாம். எவ்வளவு போடணும்னு நானே எழுதித் தாரேன்."

திரும்பி வரும்போது வண்டியில் அவர் சொன்னார், இப்படி வருவதற்கு ஒரே ஒரு காரணம் சொல்லிவிட முடியாது, எத்தனை வருஷமாக அவளுக்குப் பிரஷர் இருந்ததோ யாருக்கும் தெரியாது என்று. அது உண்மைதான். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு நான் நாலு வருஷம் ஓட்டினேன். இறங்கும்போது இன்னொன்றும் சொன்னார். "நீங்களே போய் அவங்ககிட்ட விளக்கிச் சொல்லிருங்க சிஸ்டர். நான் சொன்னா அது உங்க மேல புகார் மாதிரி ஆயிரும்." சரி சார் என்றேன்.

அடுத்த வாரமே எங்கள் எல்லா நர்சுகளையும் கூப்பிட்டு, இனிமேல் யாரும் நோயாளியிடம் உப்பு இருக்கிறது, இல்லை என்று சொல்லக் கூடாது, சிறுநீர் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். ஏன் என்று சிலர் கேட்டார்கள். என் பேரை அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் அவர் மேல்படிப்புக்குப் போய்விட்டார்.

நம்புத்தாய் பிழைத்தாள். தடியை ஊன்றி வாசல் வரை நடப்பாள். பேச்சு துண்டு துண்டாக வரும், பல வார்த்தைகள் வரவே வராது. முனீஸ்வரி படிப்பை நிறுத்திவிட்டு ஒரு ஜவுளிக் கடையில் வேலைக்குப் போனாள். மாதாமாதம் மாத்திரையை நான் அவர்கள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன், இடது கையில் பிரஷர் பார்த்தேன், கணக்கில் எழுதினேன். டாக்டர் எழுதிக்கொடுத்த அளவுப்படி சமைத்தார்கள். பிரஷர் நூற்று முப்பதுக்கு இறங்கி அங்கேயே நின்றது. அந்த முப்பதை எழுதும்போதெல்லாம் பழைய நூற்று எழுபத்தெட்டைத் திருப்பிப் பார்ப்பேன். அவர்களோ எனக்கு டீ போட்டுக் கொடுப்பார்கள். "நர்சம்மா மாதிரி யார் வருவா" என்று முருகேசன் சொல்வார். ஒவ்வொரு மாதமும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று போவேன், டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன். வேலை போய்விடும் என்று முதல் வருஷம் பயம். பென்ஷன் போய்விடும் என்று அடுத்த பயம். ஓய்வு பெற்ற பிறகு பயப்பட ஒன்றும் இல்லை, அப்போதும் சொல்லவில்லை. உப்பு பார்க்கிற நர்சம்மா என்ற பேர் போய்விடுமே என்றுதான் இருந்திருக்கிறேன்.

இந்தப் பெண்கள் கட்டுரை கேட்டதும், அவளிடம் சொல்லாமல் இதை ஊருக்கு எழுதுவது அயோக்கியத்தனம் என்று தோன்றியது. போன மாதம் போனேன். மூன்று பேரும் வீட்டில் இருந்தார்கள். டீ வேண்டாம் என்றேன். நான் அன்றைக்குச் சொன்ன உப்பு வேறு, சோற்று உப்பு வேறு, இல்லை என்றால் நல்லது என்று அர்த்தம், அதை விளக்காமல் விட்டது என் தப்பு, தெரிந்த பிறகும் நாலு வருஷம் மறைத்தது அதைவிடப் பெரிய தப்பு என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

முருகேசன் எழுந்து வெளியே போய்விட்டார். முனீஸ்வரிதான் பேசினாள். "நாந்தேன் உப்புப் போட்டுக் கரைச்சேன், நர்சம்மா. எங்கையால. நாலு வருசமா வந்து போறீக, இப்பத்தேன் சொல்றீகளா?" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நம்புத்தாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உப்பைப் பற்றி நான் சொன்னது எவ்வளவு ஏறியது என்று தெரியவில்லை. இடது கையை நீட்டி மகளிடம் அலமாரியைக் காட்டினாள். முனீஸ்வரிக்குப் புரியவில்லை, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். கடைசியில் துணிகளுக்கு அடியிலிருந்து முடிச்சுப் போட்ட ஒரு மஞ்சள் பை வந்தது. அதை வாங்கி, பல்லால் முடிச்சை அவிழ்த்து, என் மடியில் கொட்டினாள். மாத்திரை அட்டைகள். மேலே இருந்த அட்டையில் அவள் விழுந்த வருஷத்துத் தேதி.

"தின்னேன்" என்றாள். அந்த வார்த்தை வர ரொம்ப நேரம் ஆனது.

"தெரியும்த்தா" என்றேன். "நீ தின்னது எனக்குத் தெரியும். என் மேலதான் தப்பு."

அவள் தலையை ஆட்டினாள், அது இல்லை என்பது போல. "எண்ணு" என்றாள்.

வேண்டாம் என்று நான் அட்டைகளைப் பைக்குள் போடப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். முங்கிப் பாசி பறித்த கை, இடது கையானாலும் பிடி பலமாக இருந்தது. "எண்ணு. சத்தமா."

எண்ணினேன். மூன்று அட்டை முழுக்கக் காலி. நாலாவது அட்டையில் ஏழு குழி காலி, மூன்று மாத்திரை மிச்சம். மற்ற இரண்டு அட்டையும் உடையாமல் இருந்தன. பதினெட்டு நாள் இரண்டு வேளை, பத்தொன்பதாம் நாள் காலை வேளை. அன்றைக்கும் மாத்திரையைப் போட்டுவிட்டுத்தான் கடலுக்குப் போயிருக்கிறாள். முப்பத்தேழு. ஒன்றுகூடக் குறையவில்லை.

"முப்பத்தேழு. சரியா இருக்கு" என்றேன். அவள் என் கையை விடவில்லை. வாசல் பக்கம் கண்ணைக் காட்டினாள். என் குரல் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரி வந்து நிலைப்படியில் நின்றிருந்தாள், அன்றைக்கு வரிசையில் நின்று சிரித்தவர்களில் ஒருத்தி. நான் அவள் பக்கம் திரும்பி, "நம்புத்தாய் ஒரு வேளை விடாம மாத்திரை போட்டிருக்கா, நான்தான் பொய் சொன்னேன்" என்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன். அதற்குப் பிறகுதான் கையை விட்டாள்.